நல்ல தண்ணிக்கு வந்த கடற்பிராணி

கிணறு நல்ல தண்ணியா சவரா என்று கேட்காமல் பேசாலையில் யாரும் வளவு வாங்குவதில்லை. ஒரு கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி வைக்கலாம். இரண்டு வேலி தள்ளியிருக்கும் கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே தலைமன்னார் வரை நீளும் மணற்பட்டி. இந்த மன்னார்த் தீவில் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டும் மழைதான் இந்த ஊரின் நல்ல தண்ணீர் முழுவதும்.

அந்த மழை மணலுக்குள் இறங்கும்போது கீழே கடல்நீர் ஏற்கெனவே ஊறி நிற்கிறது. மழைநீர் அதைவிட இலேசானது. அதனால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தரான கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். நிலத்தடி நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது இருக்க முடியும். மணலில் இரண்டும் கொஞ்சம் கலப்பதால் உண்மையான ஆழம் இதைவிடக் குறைவுதான். ஆனால் கணக்கின் மறுபக்கம் பொய்ப்பதில்லை: மேலே கொஞ்சம் இறைத்தால் கீழே நிறையக் கரைகிறது. மோட்டர் போட்டு இழுத்த கிணறு சவராவதும், மணலைக் கையால் கிண்டி எடுத்த பூவலில் நல்ல தண்ணீர் ஊறுவதும் இந்த ஒரே காரணத்தால்தான். தீவின் மணலில் இல்மனைட் என்ற கனிமத்தை அள்ளும் திட்டங்களை மன்னார் மக்கள் எதிர்ப்பதில் இந்தத் தண்ணீர்க் கவலைக்கும் பங்குண்டு.

இந்த அத்தியாயத்தின் நாயகனுக்கும் அதே கவலைதான். அதன் பெயர் ஐதரா. உடலை முழுதாக நீட்டினாலும் ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டுவது குறைவு. சுருங்கினால் ஊசிமுனைப் பொட்டு. அதன் சொந்தக்காரர்கள் அநேகமாக எல்லாரும் கடலில் இருக்கிறார்கள்.

அந்தச் சொந்தக்காரர்களைப் பேசாலைக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கரைவலை இழுப்பவருடைய கை சொறிமுட்டையை அறியும். நீலக் காற்றுப்பையோடு மிதந்து வந்து கரையொதுங்கும் பிசாலியாவை மிதித்தவர் அதை மறக்க மாட்டார். வளைகுடாவின் பவளப் பாறைகள் முழுக்கச் சின்னச் சின்ன வாய்களால் ஆனவை. எல்லாம் குழியுடலிகள்: நடுவில் ஒரு குழி, குழிக்கு ஒரே வாய், வாயைச் சுற்றிக் கொட்டும் கைகள். இந்தக் கூட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மீன்களின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழப்போன ஒரு கிளையை விட்டுவிட்டால், நல்ல தண்ணீருக்கு வந்து நிலைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகளே. ஐதரா அவற்றில் ஒன்று. பிசாலியாவும் ஐதராவும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை.

மன்னாரின் கடல் உறவினர்களுக்கு நூறு வருடங்களுக்கு முன்பே அறிவியல் மரியாதை கிடைத்துவிட்டது. முத்துச் சிப்பிகள் ஏன் அடிக்கடி காணாமல் போகின்றன என்று கண்டுபிடிக்க 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். கூடவே ஜேம்ஸ் ஹோர்னெல். அவர்களுடைய முத்துக்குளிப்பு அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. சிப்பியைத் தேடி வாரிய வலையில் ஏறிய ஐதராவின் கடல் உறவினங்களை மட்டும் தனியே எடுத்து, லோரா ரோஸ்கோ தோர்ன்லி என்ற பெண்மணி 1904இல் ஒரு பகுதி எழுதினார். முத்து விலைபோகும் பண்டம். அதன் நிழலில் இந்தச் சிற்றுயிர்களுக்கும் பெயர் கிடைத்தது. இந்தப் பக்கத்துக் குளத்துப் பாசியில் தொங்கும் ஐதராவுக்கு அந்த யோகம் கொஞ்சம் தாமதமாகத்தான் வாய்த்தது.

கல்கத்தா நூதனசாலையின் பொறுப்பில் இருந்த நெல்சன் அனன்டேல் அந்த நகரத்துக் குளங்களில் ஐதராவைத் தேடிப் பிடித்து வளர்த்துப் பார்த்தவர். 1911இல் வந்த அவருடைய நூல் நன்னீர்ப் பஞ்சுயிரிகளையும் ஐதராவையும் ஒரே அட்டைக்குள் சேர்த்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சங்கர் புருஷோத்தம் அகர்கர் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆற்றில் நல்ல தண்ணீர்ச் சொறிமுட்டை ஒன்றைக் கண்டார். அந்த வகை அதுவரை ஆபிரிக்காவில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. அகர்கர் பிற்பாடு தாவரவியலாளராகப் பெயர் பெற்றார். புனேயில் அவர் வளர்த்த ஆய்வு நிறுவனத்துக்கு இன்று அவருடைய பெயர்தான். அந்த அகர்கர் நிறுவனத்தில்தான் சுரேந்திர காஸ்கட்பியும் அவருடைய குழுவினரும் புனே ஐதராவின் உருவத்தையும் மரபணுக்களையும் ஆராய்ந்து, அது வல்காரிஸ் இனத்தைச் சேர்ந்தது என்று 2011இல் எழுதினார்கள். சொறிமுட்டை கண்டவருடைய பெயர் தாங்கிய கூரையின் கீழ் அதன் சின்ன உறவு வளர்வது யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை.

சரி, தேடுவது எப்படி? தீவின் கிணறுகளில் தொடங்க வேண்டாம். நிழலும் ஆழமுமான கிணற்றில் இரை குறைவு. பெருநிலத்துக்குப் போய், அருவி ஆற்றின் நீர் தேக்கத்திலிருந்து பிரிந்து வந்து நிறையும் கட்டுக்கரைக் குளத்தின் ஓரத்தையோ, அதிலிருந்து நீர் வாங்கும் சின்னக் குளங்களையோ பார்க்க வேண்டும். ஐதராவுக்குப் பிடித்தது ஓடாத, ஆனால் அழுகாத தண்ணீர். ஆம்பல் இலையின் அடிப்புறம், மூழ்கிக் கிடக்கும் சுள்ளி, நீர்த்தண்டுகள், கேணிக் கல்லின் நிழல் பக்கம். தண்ணீரில் சின்னத் தெள்ளுப்போலத் துள்ளும் டஃப்னியாவும், ஒற்றைக் கண் சைக்ளொப்சும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவை இருந்தால் அவற்றைத் தின்பதும் இருக்க வாய்ப்புண்டு. அக்டோபர் மழைக்குப் பின் தண்ணீர் தெளிந்ததும் நல்ல காலம்.

பாசியை அள்ளி வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் குளத்துத் தண்ணீரோடு போடுங்கள். அடைத்துத் திணிக்க வேண்டாம். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு மறுநாள் வரை தொடக்கூடாது. அசைத்த தண்ணீரில் ஐதரா சுருண்டு மண்துகள் மாதிரி ஆகிவிடும். எத்தனை கூர்ந்த கண்ணுக்கும் தென்படாது. அமைதியானதும் வெளிச்சப் பக்கத்துக் கண்ணாடியில் அவை வந்து ஒட்டியிருக்கும். வெண்மையாகவோ பழுப்பாகவோ ஒரு நூல், நுனியில் ஐந்தாறு மெல்லிய இழைகள். சில இனங்கள் பச்சை. கண்ணுக்கு மருந்து விடும் குழாயால் எடுக்கும்போது தாமதிக்கக்கூடாது. குழாயின் உட்சுவரிலேயே பாதத்தை ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு வெளியே தள்ள முடியாது.

இனி அதைக் கைவில்லையிலோ பாடசாலை நுணுக்குக்காட்டியிலோ பார்க்கலாம். உடல் ஒரு குழாய். ஒரு முனையில் ஒட்டும் பாதம். மறு முனையில் கூம்பாக ஒரு மேடு. அதைச் சுற்றி பாடப்புத்தகம் பரிசக்கொம்பு என்று சொல்லும் கைகள். குழாயின் சுவர் இரண்டே கலப் படைகள். வெளிப்படை ஒன்று, உட்படை ஒன்று, நடுவே பசைபோன்ற மெல்லிய தகடு. இரத்தம், சுவாசப்பை, சிறுநீரகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. நரம்புகள் உண்டு, மூளை இல்லை: நரம்புக் கலங்கள் உடல் முழுவதும் வலையாகப் பரவியிருக்கின்றன. 2017இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டுப்ரேயும் யூஸ்டேயும், உயிரோடு அசையும் ஐதராவின் நரம்புக் கலங்கள் அத்தனையும் ஒளிர்ந்து அணைவதை ஒரே நேரத்தில் படம்பிடித்தார்கள். ஒரு முழு விலங்கின் நரம்பு மண்டலத்தை இப்படிப் பார்க்க முடிந்ததற்கு அதன் கண்ணாடி உடலுக்கு நன்றி சொல்ல வேண்டும். மூளையில்லாத இதற்கு உறக்கமும் உண்டு என்று 2020இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கூம்பு மேட்டின் நடுவில் வாயைத் தேடுகிறவர் ஏமாந்து போவார். மூடியிருக்கும்போது வாய் என்று ஒன்று அங்கே கிடையாது. கலங்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிய முழுத் தோல்தான் இருக்கும். இரை கிடைத்தால் அந்தத் தோல் நடுவில் பிரிந்து வழிவிடுகிறது. சுற்றியுள்ள கலங்கள் இழுபட்டு நீண்டு உருவம் மாறி, சில வேளை உடலைவிட அகலமாகத் திறந்துகொள்கின்றன. 2016இல் கலிபோர்னியாவில் கொலின்ஸ் குழுவினர் கலங்களுக்கு நிறமேற்றி இதை அளந்தார்கள். முழுத் திறப்பும் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. தின்று முடித்ததும் விளிம்புகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முகத்தைக் கிழித்து, பிறகு தைத்துக்கொள்வது!

வேட்டையைப் பார்க்கப் பொறுமை வேண்டும், ஆனால் பார்க்கத் தகுந்தது. டஃப்னியா ஒன்று துள்ளிக்கொண்டே போய் ஒரு கையில் உரசுகிறது. உரசிய இடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று உதறல். பிறகு கால்கள் மட்டும் துடிக்கும். மற்றக் கைகள் நிதானமாக வந்து வளைக்கும். அந்த உரசலில் நடந்தது எந்தக் கண்ணுக்கும் அகப்படாது. கைத் தோலில் ஆயிரக்கணக்கில் கொட்டும் கலங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிமிழ், சிமிழுக்குள் சுருட்டி வைத்த நூல். 2006இல் ஜெர்மனியில் ஹோல்ஸ்டைன் குழுவினர் செக்கனுக்குப் பதினான்கு இலட்சத்துக்கு மேல் படமெடுக்கும் கருவியை வைத்து ஐதராவின் சிமிழ் வெடிப்பதைப் பிடித்தார்கள். முள் வெளிப்பட ஆன நேரம் 700 நனோசெக்கன். அதாவது ஒரு செக்கனை பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. வேகம் ஏறிய வீதம் புவியீர்ப்பைவிட ஐம்பது இலட்சம் மடங்குக்கு மேல். உயிருலகில் இதற்கு ஈடான அசைவுகள் மிகச் சில. சட்டைக் கை உட்புறம் வெளியாகப் புரள்வது மாதிரி நூல் புரண்டு வெளிவந்து, இரையின் ஓட்டைத் துளைத்து நஞ்சை இறக்குகிறது.

இதற்கான விசை எங்கிருந்து? தண்ணீரிலிருந்து. சிமிழுக்குள் செறிவான ஒரு பொருள் இருப்பதால் நீர் உள்ளே ஊடுருவி, கிட்டத்தட்ட 150 வளிமண்டல அழுத்தம் உண்டாகி, வெடிக்கக் காத்திருக்கிறது. கடல் மூதாதையர் கொடுத்த ஆயுதத்தை ஐதரா அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரில் அது வேலை செய்வதற்கு எதையும் கழற்றி எறியத் தேவைப்படவில்லை. பேசாலைக்காரர்கள் பயப்படத் தேவையில்லை. இதன் முள் மனிதத் தோலில் உறைக்காது.

துளைபட்ட இரையிலிருந்து கசியும் குளுட்டாதயோன் என்ற பொருள்தான் ஐதராவுக்குச் சாப்பாட்டு மணி. 1955இல் லூமிஸ் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்தார். அந்தப் பொருளை மட்டும் தண்ணீரில் சொட்டாக விட்டால் போதும், இரை இல்லாமலே ஐதரா கைகளை வாய்க்குக் கொண்டுபோய் வாயைப் பிளக்கும்.

ஆய்வுகூடங்களில் இதற்கு வழக்கமாகப் போடும் தீனி ஆர்ட்டீமியா என்ற உப்பளத்து இறாலின் குஞ்சு. தூத்துக்குடி உப்பளங்களிலும் இந்த இறாலைக் காணலாம். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பான நீரில் பிறக்கும் குஞ்சை நல்ல தண்ணீர்ப் பிராணிக்குத் தீனியாகப் போடுவது விசித்திரம்தான். முட்டைகளைப் பொட்டலத்தில் வாங்கி எத்தனை மாதமும் உலர வைக்கலாம், உப்புத் தண்ணீரில் போட்ட மறுநாளே பொரிக்கும் என்பதால் இந்த வசதி. ஆனால் போடுமுன் குஞ்சுகளை வடியில் விட்டு நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அதில் சோம்பல்பட்டவருடைய ஐதராக்கள் கைகள் குறுகிச் சுருண்டுபோகும். உப்பு அதற்கு ஆகாது.

ஏன் ஆகாது என்பதில்தான் நல்ல தண்ணீருக்கு வந்த கதையே அடங்கியிருக்கிறது. சொறிமுட்டையின் உடல் நீரும் கடல்நீரும் உப்பில் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீரும் சமம். அதற்குப் பிரச்சினையே இல்லை. நல்ல தண்ணீரில் நிலைமை வேறு. ஐதராவின் கலங்களுக்குள் உப்பு இருக்கிறது, வெளியே இல்லை. ஆகவே சுற்றியுள்ள நீர் இரவு பகலாகத் தோலுக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கும். வெளியேற்றாவிட்டால் கலங்கள் வீங்கிச் சாகும். மீனுக்குச் சிறுநீரகம் உண்டு. தவளைக்கும் உண்டு. நுண்ணுயிரான அமீபாவுக்குக்கூட நீரை இறைத்து வெளியே தள்ளும் ஒரு குமிழ் உண்டு. ஐதராவுக்கு அப்படி எதுவும் கிடையாது. இருப்பது வயிற்றுக் குழி ஒன்றுதான்.

அது அந்தக் குழியையே பயன்படுத்திக்கொள்கிறது. வெளிப்படையில் நுழைந்த நீரை, உப்பயன்களை முன்னே தள்ளி அவற்றின் பின்னே இழுபடச் செய்து, உட்படை வழியாக வயிற்றுக் குழிக்கு அனுப்புகிறது. குழி மெல்ல நிரம்பிக் குழாய் நீளும். பிறகு திடீரென்று உடல் சுருங்கும், வாய்த் தோல் கொஞ்சம் பிரிந்து நீர் வெளியேறும், மறுபடி ஒட்டும். போத்தலை ஒரு மணி நேரம் கவனித்தால் எந்தக் காரணமும் தெரியாமல் ஐதரா திடுக்கிட்டுச் சுருங்கி நீள்வதைக் காணலாம். பலர் அதைத் தொந்தரவு என்று நினைக்கிறார்கள். அது இறைப்பு. வெளியே சவர் ஏறினால் இந்த இறைப்புக் கணக்கு தலைகீழாகும். உள்ளே வர வேண்டிய நீர் வராது. முழு நல்ல தண்ணீராக இருந்தாலும் சரிவராது என்பது இன்னொரு சிக்கல். கல்சியம் இல்லாத நீரில் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்துபோகும். அதனால் ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த நீரில் அளந்து கல்சியம் சேர்க்கிறார்கள். மன்னார்த் தீவின் மணலுக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல்.  அந்தக் கல்லைத் தொட்ட தண்ணீரில் கல்சியத்துக்குக் குறைவிருக்காது. உப்பு ஏறாதவரை அது ஐதராவுக்கு நல்லதுதான்.

நுளம்புக் குடம்பியை இது தின்னுமா என்ற கேள்வி மன்னாரில் சும்மா வருவதில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அந்த வருடக் கடைசியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு இலங்கையில் முதன்முதலாக மன்னார்த் தீவில் அகப்பட்டது. அதன் குடம்பிகள் கிணறுகளில்தான் இருந்தன. ஐதரா குடம்பியைத் தின்னும். 1969இல் கலிபோர்னியாவில் கியூலெக்ஸ் குடம்பிகளைக் கொடுத்துச் சோதித்தும் இருக்கிறார்கள். ஆனால் இதை நம்பிக் கிணற்றை விட்டுவிட முடியாது. இரை உரசினால் மட்டுமே கொல்லும், துரத்திப் பிடிக்கத் தெரியாத வேட்டைக்காரன் இது. வளர்ந்த குடம்பி உதறிக்கொண்டு தப்பவும் செய்யும். கிணற்றில் குடம்பி தின்னும் மீனை விடுவதே சரியான வேலை. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களுக்கோ ஐதரா என்றாலே எரிச்சல்: பொரித்த மீன்குஞ்சுகளை அது விட்டுவைக்காது.

ஐதராவை வெட்டிப் பார்க்காமல் ஐதராவைப் பற்றிய எந்த நூலும் முடிவதில்லை. 1702இல் லேவன்ஹூக் இதைப் பார்த்து எழுதியிருந்தாலும் உலகத்தை வியக்கவைத்தவர் ஆபிரகாம் ட்ரெம்ப்ளே. ஜெனீவாக்காரர், ஒல்லாந்தில் ஹேக் நகரத்துக்கு அருகே ஒரு பிரபுவின் இரண்டு பையன்களுக்கு வீட்டு ஆசிரியர். 1740இல் அகழியில் எடுத்த பச்சை உயிர் செடியா விலங்கா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. வெட்டினால் செடி துளிர்க்கும், விலங்கு சாகும் என்று கத்தரிக்கோலை எடுத்தார். இரண்டு துண்டும் சாகவில்லை. தலைத் துண்டு பாதம் வளர்த்தது. பாதத் துண்டு தலை வளர்த்துத் தின்னத் தொடங்கியது. தின்னும் செடியை யாரும் கண்டதில்லை. பாரிசிலிருந்த இயற்கை ஆய்வாளர் ரேயோமூருக்கு அவர் அனுப்பிய முதல் போத்தல் உயிர்கள், மூடியை மெழுகால் அடைத்ததால் மூச்சில்லாமல் செத்துப்போயின. அடுத்த பொதி பிழைத்தது. 1743இல் இலண்டன் ரோயல் சொசைட்டி அவருக்குக் கோப்லி பதக்கம் கொடுத்தது. 1744இல் வந்த அவருடைய நூலில் இருக்கும் சோதனைகளை இன்றைய மாணவரும் செய்து பார்க்கலாம்.

எதிலிருந்து தலை வளர வேண்டும், எதிலிருந்து பாதம் என்று துண்டுக்கு எப்படித் தெரிகிறது? 1909இல் ஈதெல் பிரவுண் என்ற அமெரிக்க மாணவி ஓர் ஐதராவின் வாய் மேட்டிலிருந்து சிறு திசுவை எடுத்து இன்னொன்றின் விலாவில் ஒட்டினார். விலாவில் புதுத் தலையும் உடலும் முளைத்தன. முளைத்த உடலில் பெரும்பங்கு, ஒட்டிய திசுவினுடையது இல்லை. வாங்கிக்கொண்ட ஐதராவின் கலங்களே கட்டளைக்குப் பணிந்து மாறியிருந்தன. கருவில் இப்படிக் கட்டளையிடும் திசு இருப்பதைத் நியூட் என்ற ஈரூடகவாழியில் காட்டி 1924இல் கட்டுரை எழுதிய ஷ்பேமனுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. பதினைந்து வருடம் முந்திய பிரவுணுடைய பெயரைப் பாடப்புத்தகங்களில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இது சரியில்லை என்பது என் எண்ணம்.

கட்டளையின் வேதிப்பெயர் இப்போது ஓரளவு தெரியும். வாய் மேட்டில் வின்ட் என்ற புரதக் குடும்பத்துச் செய்தி சுரக்கிறது. தூரம் போகப் போக அது குறைகிறது. 1972இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கீரர் குழுவினர் ஐதராவைக் கலம் கலமாகப் பிரித்து, கலந்து, உருண்டையாகத் திரட்டி வைத்தார்கள். மேல் எது கீழ் எது என்ற ஞாபகம் ஒன்றும் மிஞ்சாத அந்த உருண்டையில் சில நாளில் தலைகள் முளைத்து, ஐதராக்கள் பிரிந்து வந்தன. முன்னூறு கலம் அளவான சின்னத் துண்டுகூட முழு உயிராகும்.

வெட்டுப்படாத ஐதராவும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. உடலின் நடுப்பகுதியிலுள்ள மூலக் கலங்கள் மூன்று நான்கு நாளுக்கொரு முறை பிரிகின்றன. புதுக் கலங்கள் பழையவற்றை இரு முனைகளுக்கும் தள்ள, கைநுனியிலும் பாதத்திலும் அவை உதிர்ந்துபோகின்றன. மூன்று வாரத்தில் உடல் கிட்டத்தட்ட முழுவதும் புதியது. மிஞ்சும் கலங்கள் விலாவில் அரும்பாகப் புடைத்து, கைகள் முளைத்து, பிரிந்து போய்க் குட்டி ஐதராவாகும். நல்ல தீனி இருந்தால் இரண்டு மூன்று அரும்புகள் ஒரே சமயம் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். தாயும் பிள்ளையும் ஒரே டஃப்னியாவுக்கு இரு பக்கமும் இழுபடுவதும் நடக்கும்.

இந்த உடல் கிழடாகுமா? 1998இல் டானியல் மார்ட்டினெஸ் நான்கு வருடம் வளர்த்துப் பார்த்துக் கிழட்டுக் குறி இல்லை என்று எழுதியபோது பலர் நம்பவில்லை. 2015இல் அவரும் ஷைப்லே முதலிய ஜெர்மன் ஆய்வாளர்களும் 2,256 ஐதராக்களைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். வருடத்துக்கு 167இல் ஒன்றுதான் செத்தது. வயது கூடியதால் சாவு கூடவில்லை. மனிதனுக்கு வயது போகப் போக ஆபத்து ஏறும். இதற்கு ஒவ்வொரு நாளும் முதல் நாளைப் போன்றதே. இதைச் சாகாவரம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த உயிர்கள் வாழ்ந்தது மாறாத வெப்பத்தில், கழுவிய தீனியில், வேளைக்கு மாற்றிய தண்ணீரில் என்பதைத் தலைப்பில் எழுத இடமில்லைப் போலும். குளத்தில் மீன் உண்டு, வெயில் உண்டு, ஆடி ஆவணியில் வற்றும் தண்ணீர் உண்டு. ஒலிகாக்டிஸ் என்ற குளிர்நாட்டு இனத்துக்கு ஆய்வுகூடத்திலேயே முதுமை வருகிறது: குளிரேற்றி இனப்பெருக்கத்துக்குத் தள்ளியதும் சில மாதத்தில் கைகள் சோர்ந்து செத்துவிடும்.

குளம் வற்றும்போது என்ன செய்யும்? அரும்புவதை நிறுத்திவிட்டு முட்டை போடும். பட்டினி, வெப்ப மாற்றம் போன்ற நெருக்கடிகளில் உடலின் மேற்பகுதியில் விந்துப் புடைப்புகளும் கீழ்ப்பகுதியில் ஒரு பெரிய முட்டையும் தோன்றும். சில இனங்களில் ஆண் வேறு பெண் வேறு. கருவுற்ற முட்டை தாயின் தோலில் இருந்தபடியே தடித்த ஓடு ஒன்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சேற்றில் விழும். தாய் காய்ந்து போகலாம். ஓட்டுக்குள் இருப்பது வறட்சியைத் தாங்கும். மழை வந்து சில வாரமோ மாதமோ கழித்துப் பொரிக்கும். மாரியில் நிறைந்து கோடையில் வெடிக்கும் குளங்களில் ஐதரா வாழ வேண்டுமானால் இந்த வழிதான் இருக்கிறது.

ஓட்டு முட்டையும் பாசித் துணுக்கில் ஒட்டிய உயிரும் நீர்ப்பறவையின் காலில் சேற்றோடு ஏறிப் போகக்கூடியவை. 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்துக்கு ஊசிவால் வாத்துகள் மத்திய ஆசியாவைத் தாண்டி வருகின்றன. ஐதரா அந்தாட்டிக்கா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. கண்டங்கள் ஒன்றாக இருந்த காலத்தில் பரவியது என்று முன்பு எண்ணினார்கள். மார்ட்டினெஸ் குழுவினர் 2010இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது இன்றைய இனங்களின் பொது மூதாதை சுமார் ஆறு கோடி வருடத்துக்கு முந்தியதென்று தெரிந்தது. கண்டங்கள் அப்போது பெரும்பாலும் பிரிந்துவிட்டன. நன்னீரைத் தவிர வேறெதையும் தாங்காத ஒன்று கடல் கடந்திருக்கிறது. சிறகுள்ளவை தூக்கிப் போயிருக்க வேண்டும்.

வாத்தின் காலில் ஒட்டிக் கடலைக் கடந்தாலும், விழுந்த குளத்தில் செம்பு கலந்திருந்தால் ஐதரா பிழைக்காது. அதனால் உலகில் பல ஆய்வுகூடங்கள் நீரின் நஞ்சை அளக்க ஐதராவை வைத்திருக்கின்றன. முதலில் கைநுனிகள் குண்டாந்தடியாகத் தடிக்கும். பிறகு கைகள் குறுகும். அதன்பின் உடல் சுருங்கி ட்யூலிப் மொட்டின் வடிவத்துக்கு வரும். இந்தக் கட்டத்திலிருந்து பெரும்பாலும் மீட்சி இல்லை. கடைசியில் கலம் கலமாகக் கரைந்துபோகும். குண்டாந்தடிக் கட்டத்தில் நல்ல நீருக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். மூன்று நான்கு கண்ணாடிக் கோப்பைகளில் வெவ்வேறு கிணற்றுத் தண்ணீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து ஐதராவை விட்டு, நான்கு நாள் தீனி போடாமல் கைநுனிகளைக் கைவில்லையால் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால், பேசாலையின் உயர்தர மாணவர்களுக்கு ஒரு செயன்முறைப் பாடம் கையில் இருக்கிறது. ஒரு கோப்பையில் குளத்து நீரையே ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். கோப்பைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவக்கூடாது. ஒட்டிய எச்சமே முடிவைக் கெடுத்துவிடும்.